தீர்ப்புக்குப் பின் வருகிற வழக்கு

வரி ஏய்ப்பில் தண்டனை பெற்று, சிறையும் இருந்து வெளியே வந்த ஒருவருக்கு மறுபடி கோர்ட்டிலிருந்து அழைப்பு வந்தால், அவர் முதலில் தேடி எடுப்பது பழைய வழக்கின் காகிதங்களைத்தான். அந்த டெபாசிட் வருமானமே இல்லை, கணக்கு எழுதினவர் தப்பாக எழுதிவிட்டார், தான் யாரையும் ஏய்க்கவில்லை என்று காட்டுகிற காகிதங்கள். நியூஜெர்சியில் இப்படிப்பட்டவர்களுக்காக வாதாடும் வழக்கறிஞர்களுக்குக் கணக்காளனாக முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டுகளைப் புரட்டினால் பல சமயம் நியாயமும் தெரியும். ஆனால் அவர் போகப்போகிற விசாரணையில் அதை ஒருவரும் தொடமாட்டார்கள். அங்கே நீதிபதி கேட்பது ஒன்றுதான்: விடுதலையின்போது போட்ட நிபந்தனையை மீறினீர்களா, இல்லையா?

ஜாமீன், பரோல் என்று கேட்டு வளர்ந்த நமக்கு அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டின் ‘சூப்பர்வைஸ்டு ரிலீஸ்’ புரிபட நாளாகும். தண்டனையில் கழித்துக்கொடுக்கிற சலுகை இல்லை இது. சிறைக்காலம் முழுக்க முடிந்த பிறகு அதன்மேல் ஏறுகிற இன்னொரு தண்டனை. 1984-இல் இயற்றிய சட்டம் பரோலை எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்தது. 1987 நவம்பர் 1 முதல் செய்த குற்றங்களுக்குப் பொருந்தும். சென்னையில் ஆடிட்டர் ஆபீசில் பழகிவிட்டு நான் இங்கே வந்து இந்த வேலைக்குள் நுழைந்தபோது பரோலில் இருந்த பழைய ஆட்களும் மேற்பார்வை விடுதலையில் இருந்த புதிய ஆட்களும் கலந்தே வந்தார்கள். வரி ஏய்ப்புக்குச் சிறை உச்சம் 5 வருஷம். மேற்பார்வை உச்சம் 3 வருஷம். அதை ரத்து செய்தால் திரும்ப 2 வருஷம் வரை உள்ளே அனுப்பலாம். “அஞ்சு வருஷந்தானே உச்சம்னு சொன்னாங்க?” என்று கேட்காத ஆள் குறைவு. ரத்து செய்து கொடுக்கும் சிறையும் முதல் குற்றத்தின் தண்டனையில் அடக்கம், புதுக் குற்றத்துக்கானது இல்லை என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டையும் கூட்டினால் ஐந்தைத் தாண்டிப் போகலாம்.

கணக்காளனுக்கு இதில் என்ன இடம் என்றால், அது லூயிஸ் கோவெல் என்பவரால் கிடைத்தது. வரித்துறையில் இருந்துவிட்டு ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தில் சேர்ந்த கணக்காளர் அவர். கட்சிக்காரர் சொன்னதைச் சொல்லமாட்டேன் என்று கிராண்ட் ஜூரி முன் மறுத்ததற்காக அவருக்குச் சிறை விதித்தார்கள். 1961-இல் மேல்முறையீட்டில் நீதிபதி ஹென்றி ஃபிரெண்ட்லி அதை ரத்து செய்தார். வழக்கறிஞருக்குக் கணக்கை விளக்கிச் சொல்வதற்காக அமர்த்தப்பட்டவரிடம் பேசியதும் வழக்கறிஞரிடம் பேசிய மாதிரிதான் என்றார். அன்றிலிருந்து எங்களை வழக்கறிஞர்தான் கடிதம் கொடுத்து அமர்த்துவார். கட்சிக்காரர் நேராக வந்து என்னிடம் கதை சொல்ல ஆரம்பித்தால் வாயை மூடச் சொல்லி வழக்கறிஞரிடம் அனுப்பிவிடுவேன். வருஷா வருஷம் ரிட்டர்ன் போட்டுக்கொடுக்கிற சொந்த ஆடிட்டரிடம் நம் ஆட்கள் மனம்விட்டுப் பேசிவிடுகிறார்கள். கிரிமினல் வழக்கில் அவரைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுவது அரசுத் தரப்புக்குச் சுலபம். வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸின் ஸ்பெஷல் ஏஜென்ட்டுகள் எப்போதும் இரண்டு பேராக, பேட்ஜைக் காட்டிக்கொண்டு வருவார்கள். வாசலில் நின்று சகஜமாகப் பேசிவிட்டுப் போவார்கள். அன்று வாசலில் சொன்னதுதான் பிறகு வழக்கின் முதுகெலும்பு.

வரி ஏய்ப்பு வழக்கில் தொகையை வைத்துச் சண்டை நடப்பதாக வெளியே நினைக்கிறார்கள். உண்மையில் சண்டை மனசைப் பற்றியது. வரி பாக்கி இருக்க வேண்டும். அதை மறைக்க ஏதாவது செய்திருக்க வேண்டும். தெரிந்தே செய்திருக்க வேண்டும். இந்த மூன்றாவதில்தான் எல்லாம் நிற்கும். ஜான் சீக் என்ற அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானி, சம்பளம் வருமானமே இல்லை என்று நம்பி ரிட்டர்ன் போடுவதை நிறுத்தினார். 1991-இல் உச்ச நீதிமன்றம், நம்பிக்கை எவ்வளவு அசட்டுத்தனமானதாக இருந்தாலும் உண்மையாக நம்பியிருந்தால் அது தெரிந்தே செய்த குற்றம் ஆகாது என்றது. கூடவே, வருமான வரிச் சட்டமே அரசமைப்புக்கு விரோதம் என்ற நம்பிக்கை உதவாது என்றும் சொன்னது. அந்த ஆளுக்குச் சட்டம் தெரிந்திருக்கிறது, பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மறுவிசாரணையில் சீக் மறுபடியும் குற்றவாளி என்றே முடிந்தது. தீர்ப்பின் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தவர்கள் ஏராளம்.

ஜூரி பெரிய குற்றத்திலிருந்து விடுவித்தாலும் கதை முடிவதில்லை. ‘பிளேடு’ படத்தில் நடித்த வெஸ்லி ஸ்நைப்ஸின் வழக்கு அதற்கு நல்ல உதாரணம். 2008-இல் ஃபுளோரிடாவில் ஜூரி அவரைப் பெரிய குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தது. ரிட்டர்ன் தாக்கல் செய்யாத மூன்று சிறு குற்றங்களில் மட்டும் குற்றவாளி என்றது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வருஷம்தான் உச்சம். நீதிபதி மூன்றையும் அடுக்கி 3 வருஷம் கொடுத்தார். மேல்முறையீடு பலிக்கவில்லை. ஜூரியிடம் ஜெயித்ததைத் தண்டனை விதிக்கிற நாளில் தோற்கலாம் என்பதற்கு நான் அடிக்கடி இதைத்தான் சொல்வேன்.

சீக் தீர்ப்பின் முதல் பாதியோடு வந்தவர்களில் ஒரு எலெக்ட்ரிகல் எஞ்சினியரைச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர், படித்தவர், பண்பாக நடந்துகொள்கிறவர். சம்பளத்தை வேறொரு பெயரில் இருந்த கணக்குக்குத் திருப்பிவிட்டிருந்தார். அதனால் தாக்கல் செய்யாத குற்றமாக நிற்காமல் ஏய்ப்பாகிவிட்டது. வரி எதிர்ப்பாளர்கள் எழுதிய புத்தகங்களெல்லாம் அவரிடம் இருந்தன. அந்தக் கூட்டத்தின் பெரிய வாத்தியார் இர்வின் ஷிஃப். அவரே பல முறை தண்டனை வாங்கி 2015-இல் சிறையில் இருந்தபடியே இறந்துபோனார். எஞ்சினியர் ஜூரி விசாரணையில் தோற்று, சிறையும் இருந்துவிட்டு வந்தார். மேற்பார்வையின் தனி நிபந்தனைகளில் மூன்று அவருக்குத் தொண்டையில் முள்: இனிமேல் வருஷா வருஷம் ரிட்டர்ன் போட வேண்டும், ஐ.ஆர்.எஸ்.ஸோடு ஒத்துழைத்துப் பழைய பாக்கியைத் தீர்க்க வேண்டும், ப்ரொபேஷன் ஆபீசர் கேட்கும்போது வருமானம் சொத்து விவரம் கொடுக்க வேண்டும். புதிய வருஷத்துக்கு ரிட்டர்ன் போட்டால் பழைய வருஷத்தில் தான் தப்பு செய்ததாக ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்பது அவர் கட்சி.

அப்படி ஆகாது என்று எத்தனையோ விதமாகச் சொன்னோம். இந்த வருஷத்துச் சம்பளத்துக்கு இந்த வருஷத்து ரிட்டர்ன்; அதில் பழைய தீர்ப்பைப் பற்றி எழுத ஒரு கட்டமும் கிடையாது. சுய குற்றச்சாட்டுக்கு எதிரான உரிமையும் முழு ரிட்டர்னையும் போடாமல் இருக்க இடம் தருவதில்லை. கள்ளச்சாராயம் விற்ற சல்லிவன் என்பவர் வழக்கிலேயே, 1927-இல், அது முடிந்த விஷயம். ஏதாவது ஒரு வரியில் பதில் சொல்ல ஆட்சேபம் இருந்தால் அந்த வரியில் எழுதலாம். தாளையே கொடுக்காமல் இருக்க முடியாது. அவர் கேட்டுக்கொண்டார், செய்யவில்லை. ப்ரொபேஷன் ஆபீசர் மனு போட்டார்.

ரத்து விசாரணையைப் பார்த்தவர்களுக்கு அது பாதி கோர்ட் மாதிரிதான் தோன்றும். ஜூரி கிடையாது. சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணம் வேண்டியதில்லை. மீறியிருக்க வாய்ப்பு அதிகம் என்று நீதிபதிக்குப் பட்டால் போதும். கேள்விப்பட்ட சாட்சியத்துக்கும் ஓரளவு இடமுண்டு. எழுத்தில் நோட்டீஸ், வழக்கறிஞர், எதிர்ச்சாட்சியைக் கேள்வி கேட்பது என்று அடிப்படை உரிமைகள் உண்டு. விசாரணை வரை வெளியே இருக்க வேண்டுமானால், ஓடிப்போகமாட்டேன் என்று நிரூபிக்கிற பாரம் அவர்மேல்தான். எஞ்சினியர் தன் பழைய காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். நீதிபதி பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது என் முன்னால் இல்லை என்றார். அந்தத் தண்டனையை எதிர்க்க வேறு வழிகள் இருந்தன, ரத்து விசாரணை அதற்கான இடம் இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் பலவும் சொல்லிவைத்திருக்கின்றன. முன்குற்றம் ஏதும் இல்லாதவருக்கு இந்தத் தரத்து மீறலுக்கு வழிகாட்டு நெறியில் 3 முதல் 9 மாதம். அந்த வரம்புக்குள்ளேயே உள்ளே போனார்.

போன பிறகு மேல்முறையீடு செய்தார். அதிலும் பழைய கதையையே எழுதினார். ரத்துக்கு எதிரான மேல்முறையீட்டில் இன்னொரு கொடுமை உண்டு: சில மாதத் தண்டனை, மேல்முறையீடு முடிவதற்குள் முடிந்துவிடும். அதன் பின் மேற்பார்வையும் பாக்கி இல்லையென்றால், தீர்க்க ஒன்றும் மிச்சமில்லை என்று வழக்கை மூடிவிடுவார்கள். பரோல் ரத்து பற்றிய ஒரு வழக்கில் 1998-இல் வந்த தீர்ப்பு அதற்குக் காரணம். அவருக்கும் அப்படியே ஆயிற்று.

முதல் தண்டனையை எதிர்க்க இருந்த அந்த வேறு வழிகள் எங்கே என்றால், எல்லாவற்றுக்கும் கடிகாரம் இருந்தது. தீர்ப்பு பதிவானதிலிருந்து 14 நாளுக்குள் மேல்முறையீட்டு நோட்டீஸ். அது 2009 வரை 10 நாள்தான். அதுவும் போய்விட்டால் தண்டனையை ரத்து செய்யக் கோரும் 2255 மனு. வழக்கறிஞர் சரியாக வாதாடவில்லை என்பன போன்ற குறைகளை அங்கேதான் சொல்ல முடியும். 1996-இல் வந்த சட்டம் அதற்கு ஒரு வருஷக் கெடு வைத்தது. மேற்பார்வையில் இருப்பதும் காவலில் இருப்பதாகவே கணக்கு, ஆகவே வெளியே வந்த பிறகும் போடலாம் என்று சிலர் காத்திருக்கிறார்கள். காவல் என்பது சரிதான். ஒரு வருஷம் அதற்குள் ஓடிப்போயிருக்கும். எஞ்சினியர் சிறை நூலகத்தில் உட்கார்ந்து எழுதினது முழுக்க வரிச் சட்டத்தைப் பற்றி. அந்தக் கெடு தாண்டினதை அவர் கவனிக்கவில்லை. அவர் விசாரணையில் ஜூரிக்குக் கொடுத்த அறிவுறுத்தலில் எனக்கே உறுத்தின ஓர் இடம் இருந்தது. அதை யாரும் எங்கும் எழுப்பவில்லை.

தண்டனை, மேற்பார்வை எல்லாம் முடிந்தவர்களுக்குக் கடைசி வாசல் ஒன்று உண்டு: கோரம் நோபிஸ். உச்ச நீதிமன்றம் 1954-இல் உயிர்ப்பித்த பழைய ரிட். வீட்டுக்கே போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்களை அனுப்பும் தொழில் நடத்திய ஒரு அம்மாவுக்காக அந்த வாசல் வரை போனோம். கிரீன் கார்டு வைத்திருந்தவர். 2000-களின் நடுவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, கொஞ்ச நாள் வீட்டுக்காவல் இருந்து, அபராதம் கட்டி எல்லாவற்றையும் முடித்துவிட்டார். சில வருஷம் கழித்து ஊருக்குப் போய்த் திரும்பும்போது நூவர்க் விமான நிலையத்தில் நிறுத்தினார்கள். அரசுக்கு நஷ்டம் 10,000 டாலரைத் தாண்டின வரி ஏய்ப்பு, குடியேற்றச் சட்டத்தில் நாடுகடத்தலுக்கு உரிய கடுங்குற்றம். அவருடைய பழைய வழக்கறிஞர் இதைப்பற்றி வாயே திறக்கவில்லை.

குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கும் வழக்கறிஞர் நாடுகடத்தல் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2011-இல் எங்கள் பக்கத்து மேல்முறையீட்டு நீதிமன்றம், பிலடெல்பியாவில் இருப்பது, அந்தத் தீர்ப்பு பழைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்றது. அந்தச் செய்தி வந்த நாளில் அலுவலகத்தில் இனிப்பு வாங்கி வைத்தோம். மனு போட்டோம். விசாரணை தள்ளித் தள்ளிப் போனது. 2013-இல் உச்ச நீதிமன்றம், பொருந்தாது, 2010-க்கு முன் முடிந்த தண்டனைகளுக்கு இல்லை என்று சொல்லிவிட்டது. அந்த அம்மா இப்போது திருச்சியில் இருக்கிறார், பேரப்பிள்ளைகள் இங்கே நியூஜெர்சியில், எடிசனில். இப்போதெல்லாம் கிரீன் கார்டு ஆள் என்றால் நஷ்டத் தொகையைக் கணக்கிடுவதற்கு முன்னாலேயே குடியேற்ற வழக்கறிஞரையும் மேஜைக்கு அழைத்துவிடுகிறோம்.

நஷ்டத் தொகை என்று சொன்னேனே, என் தொழிலின் நிஜமான சண்டைக்களம் அதுதான். ரசீது இல்லாத வியாபாரத்தில் அரசுத் தரப்பு முக்கியமாக இரண்டு முறைகளைக் கையாளும். சொத்து வருஷத்துக்கு வருஷம் எவ்வளவு வளர்ந்தது என்று பார்ப்பது ஒன்று. வங்கியில் விழுந்த டெபாசிட்டை எல்லாம் கூட்டி, வருமானம் இல்லாததைக் கழிப்பது இன்னொன்று. சொத்து வளர்ச்சி முறையை 1954-இல் ஹாலண்ட் வழக்கில் ஒப்புக்கொண்ட உச்ச நீதிமன்றம் ஒரு கடிவாளமும் போட்டது: இந்தப் பணம் இப்படி வந்தது என்று சரிபார்க்கக்கூடிய விளக்கத்தைக் கட்சிக்காரர் கொடுத்தால் அரசு அதைத் தேடிப் பார்த்தாக வேண்டும்.

எடிசன் பக்கம் மளிகைக்கடை வைத்திருந்த ஒருவர். குடியுரிமை பெற்றவர். கடைக்கு வரும் ரொக்கத்தில் ஒரு பகுதியை ரிட்டர்னில் காட்டவில்லை. அதை அவர் மறுக்கவும் இல்லை. ஆனால் ஏஜென்ட் போட்ட டெபாசிட் பட்டியலைப் பார்த்ததும் தலையில் கைவைத்தார். “சார், சீட்டுக் காசெல்லாம் என் வருமானமா?” ஊர்க்காரர்கள் இருபது குடும்பத்துக்கு அவர் சீட்டு நடத்திக்கொண்டிருந்தார். மாதாமாதம் எல்லாரும் கொடுத்த பணம் அவர் கணக்கில் விழும். ஏலம் எடுத்தவருக்கு அவர் செக்காகக் கொடுப்பார். ஏஜென்ட்டுக்கு விழுந்தது மட்டும் தெரிந்தது. கடையின் பில் நோட்டுக்கு நடுவே பென்சிலில் எழுதிய சீட்டுக் கணக்கு இருந்தது. அதில் இருந்த பெயரையும் தொகையையும் போன செக்குகளோடு ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். சீட்டு என்றால் என்ன என்று அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு வரைபடம் போட்டு விளக்கினோம். ஊரிலிருந்து மைத்துனர் அனுப்பிய கைமாற்றுக்கு வங்கித் தாள் இருந்தது. கடை வாடகை, ஃப்ரீசர் மின்சாரம் என்று ரிட்டர்னில் எழுத மறந்த செலவுகளும் இருந்தன. 2013 நவம்பருக்கு முன்னால் அவற்றைக் கழிக்கலாமா என்பதில் கோர்ட்டுக்குக் கோர்ட் அபிப்பிராயம் வேறு. அதற்குப் பிறகு தண்டனை விதிமுறையிலேயே இடம் கொடுத்துவிட்டார்கள். கணக்காளர்களுக்கு அது பெரிய மாற்றம்.

நஷ்டம் 1,00,000 டாலருக்குக் கீழே வந்தது. தண்டனை வழிகாட்டு நெறியின் இப்போதைய அட்டவணைப்படி அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தால் 21 முதல் 27 மாதம். கீழே 15 முதல் 21. ஒப்புக்கொண்டதற்கான கழிவு தனி. 2005-க்கு முன்னால் என்றால் நீதிபதிக்கு அட்டவணை கிட்டத்தட்ட கட்டளை. அந்த வருஷம் உச்ச நீதிமன்றம் கொடுத்த புக்கர் தீர்ப்புக்குப் பிறகு அது ஆலோசனை. பென்சில் நோட்டைக் கையில் வைத்துப் பார்த்த நீதிபதி அட்டவணைக்கும் கீழே போய் 6 மாதம் கொடுத்தார், 2 வருஷம் மேற்பார்வை.

அந்த மேற்பார்வையில்தான் அவரும் மாட்டினார். அனுமதி இல்லாமல் புதுக் கடன் வாங்கக்கூடாது என்று ஒரு நிபந்தனை. மகளுக்குக் கல்லூரிக் கடனில் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துதானே, கடன் மகள் பெயரில்தானே என்று நினைத்துவிட்டார். நட்டஈட்டுத் தவணையும் மூன்று மாதம் நின்றிருந்தது, முதுகு அறுவைசிகிச்சையால் கடை மூடிக் கிடந்ததால். பணம் கட்டாததற்காக ஒருவரை உள்ளே தள்ளுமுன், முடிந்தும் கட்டவில்லையா, முடியாமல் கட்டவில்லையா என்று கோர்ட் விசாரித்தாக வேண்டும். நன்னடத்தைக் காலத்தை ரத்து செய்வது பற்றி 1983-இல் ஜார்ஜியா வழக்கில் சொன்னதை இங்கேயும் எடுத்துக்காட்டுகிறோம். மாத வரவு, வாடகை, மருந்து, காப்பீடு என்று ஒரு பக்கக் கணக்கு எழுதினேன். அலங்காரம் ஒன்றும் சேர்க்கவில்லை. அந்த ஒரு பக்கம் வழக்கறிஞரின் நீண்ட மனுவைவிட அதிகம் வேலை செய்யும். இதே கணக்கு இன்னொருவருக்கு எதிராகவும் வேலை செய்ததைப் பார்த்திருக்கிறேன்: நட்டஈட்டுக்குக் காசில்லை என்றவர், மகன் பெயரில் எடுத்த லீஸ் காருக்கு மாதாமாதம் தன் கணக்கிலிருந்தே கட்டியிருந்தார். மளிகைக்கடைக்காரருக்கு நீதிபதி ரத்து செய்யவில்லை. எச்சரித்துத் தவணையைக் குறைத்தார்.

2025 ஜூனில் எஸ்டெராஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மேற்பார்வையை ரத்து செய்யும்போது முதல் குற்றத்துக்குப் பழிதீர்க்கும் எண்ணத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றது. செய்த குற்றத்துக்கு ஏற்ற தண்டனை, சட்டத்தின்மேல் மரியாதை என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. எதிர்காலத்தில் மீறாமல் இருக்க என்ன தேவை என்பதைத்தான் பார்க்க வேண்டும். வரி வழக்குகளில் இது பெரிசு. ‘நாட்டை ஏமாற்றியவர் மறுபடியும்’ என்று ஆரம்பிக்கிற அரசுத் தரப்புப் பேச்சை எத்தனை ரத்து விசாரணைகளில் கேட்டிருக்கிறேன்! இனி எழுந்து ஆட்சேபிக்கலாம்.

பழைய காகிதக் கட்டுக்கு உரிய இடம் வரி நீதிமன்றம், வாஷிங்டனில் தலைமையகம் கொண்டு ஊர் ஊராகப் போய் விசாரிப்பது. ஏய்ப்பில் தண்டனை பெற்றவர், அந்த வருஷத்தில் மோசடி செய்யவில்லை என்று அங்கே வாதாட முடியாது. 75 சதவீத அபராதம் வந்து நிற்கும். ஆனால் பாக்கி எவ்வளவு என்பதில் சண்டை போடலாம். கிரிமினல் கோர்ட் நட்டஈடாக விதித்த தொகையை மட்டும் அங்கே குறைக்க முடியாது. 2010-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு ஐ.ஆர்.எஸ். அதை அப்படியே வரியாக எழுதிக்கொள்கிறது. மளிகைக்கடைக்காரர் ஒப்புக்கொண்ட வருஷம் போக மற்ற வருஷங்களுக்கும் நோட்டீஸ் வந்தது. அதை அனுப்பிய தேதியிலிருந்து 90 நாள். அறுபதாவது நாள்வாக்கில் மனு போட்டோம், பென்சில் நோட்டையும் இணைத்து. விசாரணைக்குப் போகாமலேயே ஐ.ஆர்.எஸ். தரப்பு பெரும் பகுதியை விட்டுக்கொடுத்தது. மிச்சத்தை மாதத் தவணையில் கட்டுகிறார். சீட்டை இன்னும் நடத்துகிறார். அதற்கு இப்போது தனி வங்கிக் கணக்கு, மாதாமாதம் ஸ்டேட்மென்ட்டை எனக்கு அனுப்பிவிடுகிறார்.